வேண்டுமென்றே என்று நான் எழுதிய வரி

போன மாதம் உங்கள் மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழாக்கும்போது வரும் சிக்கல்கள் என்பது தலைப்பு. பலகையில் ‘ஃபவுண்ட் வான்ட்டிங்’ என்ற தொடரை எழுதிப் பொருள் கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் கைபேசியில் அடித்துப் பார்த்து, “விரும்புவதாகக் கண்டறியப்பட்டது, சார்” என்றார். வகுப்பே சிரித்தது. சொன்னவரும் சேர்ந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரியான பொருளை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எனக்கு இனிப் பதவி உயர்வும் கிடையாது, தண்டனையும் கிடையாது. சொன்னால் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

முதலில் பொருள். ‘வான்ட்’ என்றால் வேண்டும், விரும்பு என்றுதான் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதற்குப் பழைய பொருள் ஒன்று உண்டு. குறை, போதாமை, இல்லாமை. விருதுநகர் மண்டியில் மிளகாய் வத்தல் மூட்டையைத் தராசில் ஏற்றுகிறார்கள். சொன்ன எடைக்கு நிற்கவில்லை. அந்த மூட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்வதானால் ‘ஃபவுண்ட் வான்ட்டிங்’ எனலாம். மனிதனைச் சொன்னால், நெருக்கடி வந்தபோது தேவையான அளவுக்கு அவன் தேறவில்லை என்று பொருள். கடமையில் குறை இருந்தது என்றும் எழுதலாம். அவன் எதையும் விரும்பினான் என்றோ, வேண்டுமென்று செய்தான் என்றோ அதில் கிடையாது.

இது எனக்குத் தெரிந்தது பணியில் சேர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து. தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை ஒன்றுமில்லை. வேறு ஒரு குடும்பம் கொடுத்தது.

அப்போது நான் விருதுநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். மொழிபெயர்ப்புப் பிரிவு என்று பெயர்தான், நானும் ஒரு தட்டச்சரும் மட்டும். அந்த ஆண்டு தீபாவளிக்கு முன்னால், தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்தது. மூன்று பெண்கள் அங்கேயே இறந்தார்கள். போர்மேன் மாரிச்சாமி முகத்திலும் இரண்டு கைகளிலும் தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். விசாரணை அறிக்கை வர ஆறு வாரம் ஆனது. வந்தது ஆங்கிலத்தில்.

இறந்தவர்களின் குடும்பங்கள் காலையிலேயே எங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டன. அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகமாட்டோம் என்றார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குத் தமிழ்ச் சுருக்கத்தை வாசித்துக் காட்டுவதாகப் பெரிய அதிகாரி வாக்குக் கொடுத்துவிட்டார். அறிக்கை என் மேசைக்கு வந்தபோது மணி பதினொன்றரை.

நான் வேகமாக எழுதக்கூடியவன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அறைக்குள் அனுமதித்ததைவிட ஆட்கள் அதிகம், தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது, வழக்கமாகக் கலக்கும் ஆட்கள் அன்று வரவில்லை, கலவை வேலையில் பழக்கமில்லாத பெண்கள் உள்ளே இருந்தார்கள் என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. எல்லாம் ‘காணப்பட்டது’, ‘தெரியவந்தது’ என்ற நடையில்தான். யார் காய விட்டார்கள், யார் அனுப்பினார்கள் என்று ஒரு வரியிலும் இல்லை. கடைசிப் பக்கத்தில், முடிவுரையில் மட்டும் ஓர் ஆள் வந்தார். அன்றைய மேற்பார்வைப் பொறுப்பிலிருந்த போர்மேன், ‘வாஸ் ஃபவுண்ட் வான்ட்டிங்’.

என் பேனா நின்றது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இந்தத் தொடரை நான் எங்கோ பார்த்திருக்கிறேன், பொருள் தெரியாது. அகராதி நாலு எட்டில் அலமாரியில் இருந்தது. மணி மூன்றே கால். தட்டச்சர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நம் ஊரில் “வான்டட்டா பண்ணிட்டான்” என்று சொல்கிறோமே, அது காதில் ஒலித்தது. காவல்துறைக் கோப்புகளில் ‘வான்டன்’ என்று வருவதை ‘வேண்டுமென்றே’ என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். இதுவும் அந்த வகைதான் என்று முடிவு செய்தேன். எழுந்து போகவில்லை.

‘அன்றைய மேற்பார்வைப் பொறுப்பிலிருந்த போர்மேன் வேண்டுமென்றே செயல்பட்டது கண்டறியப்பட்டது.’

எழுதி முடித்து, தேநீர் குடிக்கப் போனேன்.

நான்கு மணிக்கு நல்ல குரல் உள்ள ஓர் எழுத்தர் மைக்கில் வாசித்தார். நான் பின்னால் சுவரோரம் நின்றிருந்தேன். கூட்டத்தில் மாரிச்சாமியின் மனைவி பேச்சியம்மாளும் இருந்தார். அவர் அங்கே வந்தது போர்மேன் பெண்டாட்டியாக இல்லை. இறந்த மூன்று பேரில் செல்வி அவருடைய கூடப்பிறந்த தங்கை. செல்வியின் புருஷன் கணேசன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தாயில்லாத இரண்டு பெண் பிள்ளைகளையும் பேச்சியம்மாள்தான் மடியில் வைத்திருந்தார்.

அந்த வரியை வாசித்துவிட்டு எழுத்தர் அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். கணேசன் எழுந்து, “சார், அதை இன்னொருக்கா படிங்க” என்றான். அவர் படித்தார்.

கணேசன் திரும்பி, பேச்சியம்மாளின் மடியிலிருந்து சின்னப் பிள்ளையைத் தூக்கினான். பெரியவளைக் கையைப் பிடித்து இழுத்தான்.

“என்னைய ஏன்யா பாக்க? நான் என்ன செஞ்சேன்?” என்றார் பேச்சியம்மாள்.

“ஒம் புருசன்ட்ட கேளு. வேணும்னு செஞ்சிருக்கான். கவர்மெண்டே சொல்லிருச்சு.”

பக்கத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அப்போதும் வரியைச் சந்தேகப்படவில்லை. போர்மேன் என்ன மாதிரி ஆளாக இருப்பான் என்றுதான் யோசித்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் அந்தக் காகிதம் படமாக எல்லாக் கைபேசிக்கும் போய்விட்டது. என் வரிக்குக் கீழே யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். படத்தை ஒரு கடையில் அச்செடுத்து, நான்காக மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

“இதத் தமிழ்ல எழுதுனது நீங்கதானா சார்?”

“ஆமாம்மா.”

“இங்கிலீசுல எழுதுனது இங்கன இருக்கா? அதப் படிச்சுக் காட்டுங்க.”

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“தெரியாது. நீங்க படிங்க.”

எடுத்துப் படித்தேன். அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தச் சொன்னார். இது என்ன, இது என்ன என்று கேட்டார். கடைசிச் சொல்லுக்கு வந்தோம்.

“வேணும்னு செஞ்சாருங்கிறது இந்த ஒத்தச் சொல்லா?”

“ஆமா.”

“செஞ்சாருங்கிறது எங்க இருக்கு?”

விரல் அந்த இடத்திலேயே நின்றது. செய்தார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் சொல்லே இல்லை. ஆங்கிலம் தெரியாத ஒரு பெண் கேட்ட பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

“எந் தங்கச்சிய அவரு கூப்பிட்டு அனுப்புனாரு, நெசந்தான். கலக்குற ஆளுக கோயில் பொங்கலுக்குப் போயிட்டாக. மொதலாளி போன் மேல போன். சாயங்காலம் லோடு கெளம்பணும்னு. மொதல்ல யாரும் மருந்து ரூமுக்குள்ள போக மாட்டேன்னுட்டாக. சொந்தக்காரப் பிள்ளங்கிறதால மச்சான் சொல்றாருன்னு இவ போனா. இவளப் பாத்து இன்னும் ரெண்டு பேரும் போனாக. அவ போன ரூமுக்குள்ள இவரும் போனாரு சார். வேணும்னு செய்யுறவுக அதுக்குள்ள போவாகளா?”

அப்போதே அவர் முன்னால் அகராதியை எடுத்திருக்க வேண்டும். நான் சொன்னது, “பெரியவங்ககிட்ட கேக்கணும்மா. நாளைக்கு வாங்க.”

அவர் படியிறங்கியதும் அகராதியைத் திறந்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தத் தொடரும் பொருளும் அங்கே இருந்தன. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு அகராதியை மூடினேன். தவறு செய்தவன் முதலில் செய்வது அதைத்தான். நீங்களும் செய்வீர்கள்.

கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், ஓய்வுக்கு ஓராண்டு இருந்தது. அவர் கதவைச் சாத்தினார்.

“ஆங்கில மூலமே செல்லுபடியாகும்னு கீழ ஒரு வரி போட்டிருக்கோம்ல? அது போதும். இப்பப் போய்த் திருத்தம்னு ஒட்டுனா, போர்மேன்ட்ட காசு வாங்கிட்டு மாத்திட்டாங்கம்பாங்க. ஒங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். விடுங்க.”

விட்டேன். மறுநாள் பேச்சியம்மாள் சொன்னபடி வந்தார். நான் விடுப்பில் இருப்பதாகக் கடைநிலை ஊழியரைச் சொல்லச் சொல்லிவிட்டு, பதிவறையில் பழைய கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய குரல் கேட்டது. “எப்ப வருவாக?” “தெரியாதும்மா.” “இருந்து பாக்கேன்.” ஒரு மணி நேரம் இருந்தார். நானும் இருந்தேன்.

ஒன்பது நாள் அப்படி ஓடியது. ஒன்பதாம் நாள் காலை படிக்கட்டில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். அவர் திட்டவில்லை.

“சார், ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரன் அந்தப் படத்த அவருக்குக் காட்டிட்டான். கஞ்சி குடிக்க மாட்டேங்காரு. கைக்கட்டப் பல்லால பிய்க்காரு. ‘எழுதிட்டாகள்ல, படிச்சவுக பாத்துத்தானே எழுதியிருப்பாக, எம் மனசுல அப்படி இருந்திருக்குமோ’ன்னு என்னையவே கேக்காரு. நான் என்ன சொல்ல?”

மாடிக்குப் போனதும் முதல் வேலையாக அறிக்கை எழுதிய அதிகாரிக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார். என் தவறைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “அடடா. தேறலைங்கிற அர்த்தத்துல எழுதினேன்.”

“எதுல தேறலை சார்? திருத்தத்துல போடணும். போர்மேன்கிட்ட என்ன குறை இருந்தது?”

“அது வழக்கமா எழுதுற ஒரு தொடர், அவ்வளவுதான். முடிவுரைன்னு ஒண்ணு எழுதணும்ல? யார் மேலயாவது முடியணும். பொதுவாப் போட்டுக்கங்க.”

தண்ணீர் இல்லாதது, ஆள் இல்லாதது, பழக்கம் இல்லாதது எல்லாம் அவருடைய அறிக்கையிலேயே இருந்தன. அவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. குறை மட்டும் மாரிச்சாமியுடையது. நான் தவறே செய்யாமல் மொழிபெயர்த்திருந்தாலும் அந்த வரி ஓர் ஏமாற்று வரிதான். அது என் தவறைக் குறைக்கிறது என்று நினைத்துச் சில ஆண்டுகள் ஆறுதல்பட்டிருக்கிறேன். குறைக்கவில்லை.

திருத்தம் அரைப் பக்கம். கண்காணிப்பாளர் கையெழுத்திட மறுத்தார். பெரிய அதிகாரியிடமே போனேன். அவர் என்னை நிற்க வைத்துப் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. விளக்கம் கேட்டு எனக்கு ஒரு குறிப்பாணை கிடைத்தது, திருத்தத்துக்கு அவருடைய கையெழுத்தும் கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அதை யாரும் படமெடுக்கவில்லை.

மாரிச்சாமி வீடு திரும்பிய பிறகு, திருத்தத்தை எடுத்துக்கொண்டு நானே ஊருக்குப் போனேன். முதலில் கணேசன் வீட்டில்தான் கொடுத்தேன். அவன் படித்தான். படிக்கத் தெரிந்தவன்தான்.

“அன்னைக்கு மைக்குல படிச்சது யாரு எழுதுனது?”

“நான்தான். தப்பா எழுதிட்டேன்.”

“இது?”

“இதுவும் நான்தான்.”

“எம்புட்டு வாங்குனீக?”

கண்காணிப்பாளர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். பெரிய பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “பெரியம்மாட்ட பிள்ளைகளை அனுப்புங்க” என்றேன். “சோலியப் பாத்துட்டுப் போங்க சார்” என்றான். அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பேச்சியம்மாள் வீட்டுக்கு வரவே இல்லை. ஒரே தெரு. நாலு வீடு தள்ளி.

மாரிச்சாமி வாசலில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஒல்லியான மனிதர். இரண்டு கைகளும் முழங்கை வரை கட்டு. காகிதத்தை அவரால் வாங்க முடியவில்லை. நானே வாசித்தேன். “போர்மேன் தமது பொறுப்பை நிறைவேற்றுவதில் குறைபாடு உடையவராக இருந்தார் எனத் தெரியவந்தது.”

“வேணும்னுங்கிறது இல்லையா சார்?”

“இல்லைங்க. எப்பவும் இல்லை. அது என் தப்பு. மன்னிச்சிருங்க.”

அவர் தலையாட்டினார். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்துதான் நான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அவர் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, “எங்கிட்ட என்ன கொறைஞ்சுச்சுன்னு போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“அது... போடலை.”

பேச்சியம்மாள் நிலைப்படியில் நின்றபடி சொன்னார். “நான் சொல்லுதேன். தொட்டியில தண்ணி கொறைஞ்சுச்சு. வேலைக்கு ஆளு கொறைஞ்சுச்சு. இவருகிட்ட என்ன கொறைஞ்சுச்சு? முடியாதுன்னு சொல்ல வாய் கொறைஞ்சுச்சு. அதுதான். சொல்லியிருந்தா மறுநாள் வேற போர்மேன் வந்திருப்பான், எந் தங்கச்சி இருந்திருப்பா.”

“ஆமா,” என்றார் மாரிச்சாமி. “அது கொறைஞ்சது நெசம்.”

அவர் அப்படி ஒப்புக்கொண்டதை என்னால் கேட்க முடியவில்லை. ஆறு மணிப் பேருந்து இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

வழக்கு நடந்தது. குற்றப்பத்திரிகையில் முதலாளி முதல் எதிரி, மாரிச்சாமி இரண்டாம் எதிரி. தீயில் கெட்டுப்போன நுரையீரலோடு அவர் இரண்டு ஆண்டுகள் இருந்தார். சாட்சிகளைக் கூப்பிடத் தொடங்கும் முன்பே இறந்துபோனார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் முற்பகல் பேச்சியம்மாள் என் வீட்டுக்கு வந்தார். எப்படியோ விசாரித்துக் கண்டுபிடித்திருந்தார். இப்போது சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை என்றார். கையில் தீர்ப்பு நகல்.

“இங்கிலீசுல இருக்கு சார். படிச்சுச் சொல்லுங்க.”

“என்கிட்ட ஏம்மா வந்தீங்க? வக்கீல் சொல்லியிருப்பாரே.”

“விட்டுட்டாகன்னு மட்டும் சொன்னாரு. இங்கிலீசு தெரிஞ்சவுக எனக்கு வேற யாரு இருக்கா?”

உட்காரச் சொல்லிவிட்டு அகராதியை மேசைமேல் எடுத்து வைத்தேன். தேவைப்படவில்லை. கடைசிப் பத்தியில் இருந்தது சாதாரணமான, நீதிமன்றங்களில் தினமும் வரும் தொடர். ‘ஃபார் வான்ட் ஆஃப் எவிடென்ஸ்’. இந்த முறை நான் சரியாகச் சொன்னேன்.

“போதிய சாட்சியம் இல்லாததால முதலாளியை விடுதலை பண்ணியிருக்காங்கம்மா.”

“சாட்சி இல்லையா?”

“அன்னைக்கு வேலையில இருந்தவங்க யாரும் எதையும் பார்க்கலைன்னு சொல்லிட்டாங்க.”

“பாத்தவுக நாலு பேரு. நாலு பேரும் செத்துப்போயிட்டாக. மிச்சப் பேரு இன்னும் அவன்ட்டதான் வேலைக்குப் போறாக. பெறகு எங்கிட்டுருந்து சார் சாட்சி வரும்?”

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

“இப்ப நான் சொன்னேம்ல, அத இங்கிலீசுல எழுதுங்க. மேல் கோர்ட்டுக்கு அனுப்பணும்.”

எழுதினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது. வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எதையும் எழுதியதில்லை. முடித்ததும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைக்கச் சொல்லி, இது என்ன, இது என்ன என்று கேட்டார். ‘செத்துப்போயிட்டாக’ என்பது எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். நாலு என்பது எங்கே என்று கேட்டார். அதையும் காட்டினேன். பிறகுதான் கீழே கையெழுத்துப் போட்டார்.

அனுப்பி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. பதில் வரவில்லை.